சேலம் டவுனில் பால்புதுமையர் வரலாற்று நடை: எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது

(இணைய உரையாடல் இழை. ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கோட்டைவாசல்

சேலத்தில் பால்புதுமையர், அதாவது திருநங்கையர், திருநம்பியர் (பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்), தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் வரலாற்றை நடந்துகொண்டே சொல்லும் காலை நடை ஒன்றுக்குத் திட்டம் போட்டிருக்கிறோம். முதல் வரைவு இது. தாராளமாகத் திருத்துங்கள்.

டவுன் ரயில் நிலையத்தில் கூடுவது. அங்கிருந்து கலெக்டர் ஆபீஸ், ஜி.எச்., கோட்டை மைதானம், கோட்டை மாரியம்மன் கோயில், திருமணிமுத்தாற்றுப் பாலம், சுகவனேஸ்வரர் கோயில், கடைசியாகப் பழைய பஸ் ஸ்டாண்டு. எட்டு நிறுத்தம். மூன்று கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஞாயிறு காலை 6.30க்கு ஆரம்பம், இருபது பேர், தலைக்கு 200 ரூபாய்.

கேட்க வேண்டியது மூன்று. இந்த எட்டில் எதற்கு ஆதாரம் நிற்கும்? ஆட்கள் ஒருவரை ஒருவர் சந்தித்துக்கொண்ட பழைய இடங்களைக் காட்டலாமா? போலீசில் அனுமதி வாங்க வேண்டுமா?

நடைவழி

வழி நன்றாக இருக்கிறது, கணக்குதான் இடிக்கிறது. நிறுத்தத்துக்கு ஏழு நிமிடப் பேச்சு, மூன்று நிமிடக் கேள்வி என்று வைத்தால் எட்டு நிறுத்தத்துக்கு 80 நிமிடம் நின்றே ஆக வேண்டும். நடப்பது, ரோட்டைத் தாண்டுவது, பின்தங்கியவருக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்து இன்னொரு 50. முடியும்போது மணி 8.40. பங்குனி பிறந்துவிட்டால் அந்த நேர வெயிலிலேயே கூட்டம் நிழலைத் தேடிக் கலைந்துவிடும், கடைசி இரண்டு நிறுத்தமும் வீண். ஆறாகக் குறையுங்கள். 60 நிமிடம் நிற்க, 45 நிமிடம் நடக்க. 8.15க்கு டீக்கடைக்குப் போய்விடலாம்.

ஆள் எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம். பஸ் சத்தத்துக்கு நடுவில் வாய்ப்பேச்சு அவ்வளவு பேருக்குத்தான் எட்டும். இடுப்பில் கட்டும் ஸ்பீக்கரை நம்பாதீர்கள். ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது, உங்கள் வழியிலோ ஜி.எச். இருக்கிறது. அதோடு, ஸ்பீக்கர் சத்தம் கேட்டதுமே தெருவில் போகிறவர்கள் என்ன கூட்டம் என்று நின்று பார்ப்பார்கள். நடைக்கு வந்திருப்பவர்களில் வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர் இருப்பார். அவருக்கு அந்த வேடிக்கைதான் முதல் ஆபத்து.

முன்னால் ஒரு வழிகாட்டி, வாலில் ஒருவர். வாலில் வருபவர் பேச வேண்டாம், எண்ணினால் போதும். ரோட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு தலை எண்ண வேண்டும். யாராவது பின்னால் ஒட்டிக்கொண்டு கேலி பேச ஆரம்பித்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும். அதற்கு ஒரு சொல்லை முன்பே பேசி வையுங்கள். "டீ ஆறிடும்" என்று அவர் சொன்னால் வழிகாட்டி வாக்கியத்தை முடிக்காமலேயே அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க வேண்டும். நின்று பதில் பேசினால் இரண்டு பேர் இருபதாவார்கள்.

சின்ன விஷயம்தான், ஆனால் எல்லோரும் விடுவது: வழிகாட்டி வெயிலைப் பார்த்து நிற்கணும், கேட்பவர்களின் முதுகில் வெயில் விழணும். மாற்றி நின்றால் கண் கூசி யாரும் முகம் பார்க்க மாட்டார்கள்.

மணிமுத்தாறு

ஆதாரத்தைப் பற்றி. கையில் இருப்பதை மூன்று தட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தேதி போட்ட காகிதம், அதாவது தீர்ப்பு, அரசாணை, அரசிதழ், முதல் தட்டு. சொன்னவரின் ஒப்புதலோடு பதிவு செய்த வாய்மொழி இரண்டாவது. "அந்தக் காலத்துல அப்படின்னு சொல்லுவாங்க" மூன்றாவது. மூன்றாவது தட்டு நடைக்கு வரவே கூடாது.

முதல் தட்டில் சேலத்தின் பெயரோடு நிற்பது பிரித்திகா யாஷினி வழக்கு. சேலத்துக்காரர். காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் ஆண், பெண் தவிர வேறு கட்டம் இல்லை, விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. வழக்குப் போட்டுத்தான் தேர்வு எழுதினார். 100 மீட்டர் ஓட்டத்தில் ஒரு விநாடியும் கொஞ்சமும் பிந்தியதாகக் கணக்கு வந்தது, அதற்கும் கோர்ட் படி ஏறினார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பணிக்கு உரியவர் என்றது. 2017ல் தர்மபுரியில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தார், இந்தியாவிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் திருநங்கை. இதைக் கோட்டை மைதானத்தில் சொல்லுங்கள். திறந்த இடம், ஓட்டத்தின் தூரத்தைக் கையால் காட்டலாம். அங்கே 100 மீட்டரை அளந்து காட்டிவிட்டு, ஒரு விநாடி என்றால் எத்தனை காலடி என்று கேளுங்கள். வழக்கின் கனம் அங்கேயே புரிந்துவிடும். அவர் வீடு எங்கே, படித்த தெரு எது என்று போக வேண்டாம். பொதுப் பதிவில் இருப்பது வழக்கும் பணியும், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எழுத்தாளர் அ. ரேவதியையும் சேருங்கள். பிறந்த ஊர் நாமக்கல் பக்கம். அது அப்போது சேலம் மாவட்டம், நாமக்கல் தனி மாவட்டமானது 1997ல்தான். தன் வாழ்க்கையைத் தமிழில் எழுதிய திருநங்கையரில் முன்வரிசைக்காரர் நம் பழைய ஜில்லாக்காரர் என்பதை ஊர் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பிழையை இப்போதே தடுக்கிறேன். இந்த மாதிரி நடைகளில் 1871 குற்றப் பழங்குடிச் சட்டத்தை எடுத்து, "நம்மூர்த் திருநங்கையரையும் அன்று பதிவேட்டில் ஏற்றினார்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, அவர்களைக் கணக்கெடுத்துக் கண்காணிக்கச் சொன்ன பகுதி, வடமேற்கு மாகாணங்கள், பஞ்சாப் பக்கத்துக் கதை. சென்னை மாகாணத்துக்குக் குற்றப் பழங்குடிச் சட்டம் வந்தது 1911 சட்டத்தோடு. அதில் இங்கே நசுக்கப்பட்டவர்கள் குறவர் போன்ற சாதியினர். வடக்கின் கொடுமையை இங்கே நட்டால், இங்கே நிஜமாக நடந்த கொடுமை மறைந்துபோகும்.

செவ்வாய்ப்பேட்டை

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: காட்டக் கூடாது. பழைய பஸ் ஸ்டாண்டு மூலை, பூங்கா, ஆற்றோரம், லாட்ஜ் எதுவும் வேண்டாம். "பழைய" இடம் என்று நீங்கள் நினைக்கிற இடத்தில் நேற்று ராத்திரியும் ஆள் நின்றிருப்பார். பன்னிரண்டு பேர் போய் நின்று விரல் நீட்டினால், அடுத்த வாரம் அங்கே நிற்பது ரோந்து வண்டிதான். அதே மாதிரி திருநங்கையர் சேர்ந்து வாழும் ஜமாத் வீடுகளின் பக்கமும் போக வேண்டாம். அது குடும்பம் இருக்கிற வீடு, கண்காட்சி இல்லை.

கோத்தி (பெண் நளினத்தோடு ஆண்களை நேசிக்கும் ஆண்) பாஷையும் வேண்டாம். வெளியாள் முன்னால் ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றிக்கொள்ள உண்டான பேச்சு அது. குரு, சேலா (சீடர்), ஜமாத் என்று எல்லோருக்கும் தெரிந்த மூன்று சொல் போதும், உறவு எப்படி ஓடுகிறது என்று அதிலேயே சொல்லிவிடலாம். தாய் வீட்டை விட்டு வந்தவளுக்கு குரு தாயாகிறாள், குருவின் குரு பாட்டியாகிறாள். காய்ச்சல் வந்தால் பார்ப்பதும், செத்தால் காரியம் செய்வதும் அந்த உறவுதான். ரேஷன் கார்டு இல்லாத காலத்தில் அதுதான் ரேஷன் கார்டு. இதைச் சொல்ல எந்த வீட்டு வாசலும் தேவையில்லை.

தறிச்சத்தம்

அக்கா சொல்வதை முழுக்க ஏற்க முடியவில்லை. திருநங்கையருக்கு வாரியம் இருக்கிறது, அரசாணை இருக்கிறது. கோத்தி, கே ஆண்களுக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே வரலாறு சந்தித்த இடங்கள்தான். கடிதம் எழுதி வைக்கவில்லை, போட்டோ எடுக்கவில்லை, கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றவர்கள் அவர்கள். இடத்தையும் எடுத்துவிட்டால் அவர்கள் இந்த ஊரில் வாழவே இல்லை என்றுதானே ஆகும்?

செவ்வாய்ப்பேட்டை

தம்பி, வாழ்ந்தார்கள் என்று சொல்லத்தான் வேண்டும். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் என்று சொல்ல வேண்டாம் என்கிறேன். தூணைச் சொல்லாவிட்டால் வரலாறு குறையாது. சொன்னால் ஒருத்தன் அடி வாங்குவான்.

மணிமுத்தாறு

இரண்டு பேர் சொல்வதும் ஒரே நிறுத்தத்தில் அடங்கும். இடத்தைக் காட்டாமல் காரணத்தைச் சொல்லலாம். டவுன் ஸ்டேஷன் வாசலில், நடையின் தொடக்கத்திலேயே, ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் ஏன் எல்லா ஊரிலும் இப்படிப்பட்ட சந்திப்புக்கு இடமாயின என்று விளக்குங்கள். ராத்திரி முழுக்க விளக்கு எரியும். ஒருவன் ஒரு மணி நேரம் சும்மா நின்றாலும் ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், வண்டிக்கு நிற்கிறான் என்று போய்விடுவார்கள். ஓமலூர், ஆத்தூர், ராசிபுரம், மேட்டூர் என்று நாலு திசையிலிருந்தும் வருகிறவன் சொந்தக்காரன் கண்ணில் படாமல் வரலாம், போகலாம். நாலு பக்கமும் வழி இருப்பதால் போலீஸ் வந்தாலும் கலையலாம். அதோடு, பழைய பஸ் ஸ்டாண்டை இடித்து ஈரடுக்காகக் கட்டியாயிற்று. இருட்டு மூலையும் நீள பெஞ்சும் போய், மேல்தளமும் கடைகளும் வந்துவிட்டன. கட்டடம் மாறினால் யாருடைய ஊர் காணாமல் போகிறது என்று அங்கே கேட்கலாம், எந்த மூலை என்று சொல்லாமலே.

தறிச்சத்தம்

இதை ஏற்கிறேன். ஒரு வேண்டுகோள்: அந்த நிறுத்தத்தில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஏன் பயந்தார்கள் என்பது புரியாது.

வாய்தா

377க்கும் போலீஸ் கேள்விக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

377 இருந்த இந்திய தண்டனைச் சட்டம் நிறைவேறியது 1860, அமலுக்கு வந்தது 1862 ஜனவரி 1. சேலம் மத்திய சிறை கட்டப்பட்டதும் 1862. இந்த இரண்டையும் ஒட்டவைத்து "377க்காகக் கட்டிய சிறை" என்று யாரும் பேசிவிடக் கூடாது. ஆண்டு ஒன்றாக இருப்பது காரணம் ஆகாது. 377 மக்களைச் சிறையில் தள்ளியதைவிட அதிகமாக மிரட்டிப் பணம் பறிக்கத்தான் பயன்பட்டது: வீட்டில் சொல்லிவிடுவேன், ஸ்டேஷனில் சொல்லிவிடுவேன். தண்டனைக் கணக்கு குறைவாக இருப்பதைக் காட்டி "யாருக்கும் தொந்தரவு இல்லையே" என்று நடையில் யாராவது நிச்சயம் கேட்பார், பதிலைத் தயாராக வையுங்கள்.

தேதிகளை வழிகாட்டி மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். டெல்லி உயர் நீதிமன்றம் 377ஐச் சுருக்கியது 2009 ஜூலை 2. உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது 2013 டிசம்பர் 11. மறுபடி, வயது வந்தோர் சம்மதத்தோடு இருந்தால் குற்றமில்லை என்றது 2018 செப்டம்பர் 6. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, அதில் 377 என்ற பிரிவே இல்லை. அடிக்கடி குழம்புவது 2014 ஏப்ரல் 15 தீர்ப்பு. அது மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது, 377ஐத் தொடவில்லை. தமிழ்நாட்டில் திருநங்கையர் தினமும் ஏப்ரல் 15தான், ஆனால் அது 2008ல் அதே தேதியில் நல வாரியம் அமைந்ததை ஒட்டியது. இரண்டு ஏப்ரல் 15, இரண்டு காரணம்.

போலீஸ்: கொடி, பேனர், கோஷம் எதுவும் இல்லாமல் பன்னிரண்டு பேர் நடைபாதையில் நடப்பது ஊர்வலம் ஆகாது. ஆனாலும், எங்களுக்கு அனுமதி தேவையில்லை என்று நடுரோட்டில் விவாதம் செய்வதைவிட ஒரு வாரம் முன்பே கமிஷனர் அலுவலகத்துக்கும் வழியிலுள்ள ஸ்டேஷன்களுக்கும் தகவல் கடிதம் கொடுப்பது மேல். கடிதத்தில் நாள், நேரம், வழி, ஆள் எண்ணிக்கை, பொறுப்பாளர் இருவரின் போன் எண், "ஒலிபெருக்கி இல்லை, பேனர் இல்லை" என்ற வரி. கலந்துகொள்பவர் பட்டியலை இணைக்காதீர்கள், கேட்டாலும் எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். பெறுகை முத்திரை போட்ட நகலை வாலில் வருபவர் வைத்திருக்க வேண்டும். முன்னால் நிற்பவரிடம் இருந்தால், அவரை நிறுத்திப் பேசும்போது நடையே நின்றுவிடும்.

சிறைச் சுவரையும் கோர்ட் வாசலையும் போட்டோ எடுக்க வேண்டாம். தேவையில்லாத வம்பு.

குமரகிரி

வரைவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இதில் திருநம்பி எங்கே? பெண்ணை நேசிக்கும் பெண் எங்கே? இப்படியே போனால் இது திருநங்கையர் வரலாற்று நடை, பெயரில் மட்டும் எல்லோரும் இருப்போம்.

வாய்தா

நியாயமான கேள்வி. பதிலும் காகிதத்திலேயே இருக்கிறது.

வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து, பெற்றோர் கொடுத்த "காணவில்லை" புகாரில் போலீஸ் தொந்தரவு தாங்காமல் உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7ல் தந்த இடைக்கால உத்தரவில், வயது வந்தவர்கள் தங்கள் விருப்பத்தில் இருப்பது தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், துன்புறுத்தக் கூடாது என்றார். "மாற்றும்" சிகிச்சை என்ற பெயரில் நடப்பதற்கும் தடை சொன்னார். அதே வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022ல் தமிழக அரசு நம்மை மரியாதையாகக் குறிப்பிட வேண்டிய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது, இந்த இழையின் தலைப்பில் இருக்கும் "பால்புதுமையர்" அந்தப் பட்டியலோடு அரசுத் தமிழுக்கு வந்த சொல். 2025 மே மாதம் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, ஒரு பெண்ணைப் பெற்றோர் பிடியிலிருந்து விடுவித்தபோது, கல்யாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்பதில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது.

இவற்றைச் சொல்ல டவுன் ஸ்டேஷனைவிடப் பொருத்தமான இடம் இல்லை. "காணவில்லை" புகார் தொடங்குகிற இடம் ரயில் நிலையம்தான். பையோடு ஏறுகிற பெண்ணை முதலில் நிறுத்திக் கேட்பதும் அங்கேதான்.

திருநம்பியரைக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் பேசுங்கள். 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் 2020 விதிகளும் பாலின அடையாளச் சான்றை மாவட்ட ஆட்சியரிடம் கொண்டுவந்தன. அது திருநங்கையருக்கு மட்டுமான தாள் அல்ல. திருநம்பிக்கு அந்தச் சான்று கிடைத்த பிறகும் பள்ளிச் சான்றிதழ், ஆதார், வங்கி என்று ஒவ்வொரு இடத்திலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டே வரும், ஒன்று மாறாவிட்டால் அடுத்தது மாறாது. அந்த வரிசையைப் படிப்படியாகச் சொல்லுங்கள், கேட்பவருக்குத் தலை சுற்றும். நடைக்கு முந்தைய வாரம் அப்போதைய விதி என்ன என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், இந்தப் பகுதி மாறிக்கொண்டே இருப்பது.

சார்பதிவாளர் அலுவலகம் ஏதாவது வழியில் பட்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். 2018ல் தூத்துக்குடியில் கோயிலில் கல்யாணம் செய்துகொண்ட அருண்குமார், ஸ்ரீஜா தம்பதிக்குப் பதிவு மறுத்தார்கள். 2019 ஏப்ரல் 22ல் மதுரைக் கிளையில் நீதிபதி சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தார். இடைப்பாலின (ஆண், பெண் என்று தெளிவாகப் பிரியாத உடலோடு பிறந்த) குழந்தைகளுக்குத் தேவையில்லாத அறுவை சிகிச்சையைத் தடுக்கச் சொன்னதும் அதே தீர்ப்புதான். பலரும் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

குமரகிரி

நன்றி. இப்போதுதான் உள்ளே வந்த மாதிரி இருக்கிறது.

ஏழாம்நம்பர்

கோயில் நிறுத்தங்களைப் பற்றி. கோட்டை மாரியம்மனை வைத்துக்கொள்ளுங்கள், சுகவனேஸ்வரரை எடுத்துவிடலாம். அங்கே எதைச் சொல்வீர்கள்? அர்த்தநாரி என்று ஆரம்பித்துத் திருச்செங்கோடு வரைக்கும் போவீர்கள். பாதி அம்மையாக இருக்கும் சாமியைக் கும்பிட்ட கையாலேயே வாசலில் நின்ற திருநங்கையை விரட்டிய ஊர் இது. சாமி உருவம் சமூக ஏற்புக்குச் சாட்சி ஆகாது.

கோட்டை மாரியம்மனில் சொல்ல வேண்டியது ஆடி. எட்டுப்பேட்டை மாரியம்மன்களுக்கும் விழா நடக்கும், குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையில் சாமி வேஷம் கட்டி அலங்கார வண்டியில் வருவார்கள். ஆண்கள் அம்மனாக வேஷம் கட்டுவதை ஊர் கையெடுத்துக் கும்பிடும். இந்தப் பக்கத்துத் தெருக்கூத்திலும் திரௌபதியாக ஆடுவது ஆண்தான். ஆனால் வேஷம் வேறு, வாழ்க்கை வேறு. பெண் வேஷம் கட்டியவர் எல்லோரையும் நம்மில் ஒருவர் என்று சேர்த்துக்கொள்வது அவர்களுக்கும் நியாயமில்லை, நமக்கும் ஆதாரமில்லை. கேட்க வேண்டிய கேள்வி இது: ஒரு ராத்திரி சேலை கட்டினால் கும்பிடுகிற ஊர், தினமும் கட்டினால் ஏன் கல்லெடுக்கிறது? கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். பதிலை வழிகாட்டி சொல்ல வேண்டாம்.

ஆடி விழா நடக்கும் இருபத்திச் சொச்ச நாளும் அந்தப் பக்கம் நடை வைக்க முடியாது, கூட்டத்தில் பன்னிரண்டு பேரைக் கட்டி மேய்க்க ஆகாது.

ஏற்காடு ரோடு பக்கம் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு விட்டுப்போயிற்றே? 1935ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய சினிமா ஸ்டூடியோ. பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்டு வளர்ந்த தலைமுறை நாடகத்திலிருந்து சினிமாவுக்கு இறங்கிய காலம் அது. பெண் வேஷத்துக்கென்றே பையன்களை வளர்த்த நாடக உலகம் எப்படி இயங்கியது, குரல் உடைந்ததும் அந்தப் பையன் என்ன ஆனான் என்று பேச அங்கே நிறைய இருக்கிறது.

நடைவழி

வளைவு டவுனிலிருந்து நடக்கிற தூரம் இல்லை. அதைத் தனி நடையாக வையுங்கள், அஸ்தம்பட்டியில் தொடங்கி. சிறை, கோர்ட், பிறகு டவுன் பஸ்ஸில் வளைவு. முதல் நடையோடு ஒட்டினால் இரண்டும் கெடும்.

சேர்வராயன்

அப்படியே பஸ்ஸில் மேலே ஏற்காடு வரை போய்விடலாமே? வெள்ளைக்காரத் தோட்டத்துரை பங்களாக்களைப் பற்றி நிறைய பேச்சு உண்டு.

மணிமுத்தாறு

பேச்சு மட்டும்தான், அதுவே சிக்கல். காபித் தோட்டத்துக்கும் கலெக்டர் காக்பர்னுக்கும் பதிவு உண்டு. கல்யாணமாகாத துரை, கூடவே இருந்த பட்லர் என்பதை வைத்து ஒரு காதலைக் கட்டுவது மூன்றாம் தட்டு. அதோடு, துரைக்கும் கூலிக்கும் நடுவில் சம்மதம் என்று ஒன்று இருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் அழகான மலைக்காதல் ஆக்கக் கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் ஏரிக்கரையில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நல்லது. அதை நிறுத்தமாக்க வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை

ஜி.எச். நிறுத்தம் பற்றி யாரும் பேசவில்லை. 1986ல் நாட்டிலேயே முதன்முதலாகச் சென்னையில் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்த பிறகுதான் அரசாங்கத்தின் கண்ணுக்குத் திருநங்கையர் நாங்கள் தெரிந்தோம், அதுவும் நோயின் பெயரால். சேலம், நாமக்கல் லாரி ரோடு என்பதால் இங்கே ஆணுறை, பரிசோதனை, ஆலோசனை வேலை நிறைய நடந்தது. அந்த வேலைக்காக ஒரு அறையில் கூடிய பெண்கள்தான் பிறகு மனு எழுதினார்கள், சங்கம் வைத்தார்கள். இலவசக் கூட்டு மருந்து நாட்டில் 2004ல் தொடங்கும்வரை செத்தவர்களுக்குக் கணக்கே கிடையாது. இதைச் சொல்லாமல் நடை வேண்டாம்.

ஆனால் சொல்லும் இடம் முக்கியம். எச்.ஐ.வி. கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கும் பக்கம் போகாதீர்கள். மாத்திரை வாங்க வருகிறவர் ஒரு கூட்டம் நின்று எச்.ஐ.வி. என்று பேசுவதைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவார், அந்த மாத மருந்து விட்டுப்போகும். ஆஸ்பத்திரி தாண்டிக் கோட்டைப் பக்கம் வந்த பிறகு சொல்லுங்கள்.

பேச வருகிற திருநங்கைக்கு ஆபரேஷன் ஆயிற்றா, பழைய பெயர் என்ன என்ற இரண்டு கேள்வியும் கிடையாது என்று டவுன் ஸ்டேஷனிலேயே அறிவித்துவிட வேண்டும். பணத்தை நடை தொடங்கும் முன் கவரில் கொடுங்கள். முடிந்ததும் எல்லோர் முன்னாலும் எண்ணிக் கொடுப்பது பிச்சை மாதிரி இருக்கும். சித்திரைப் பௌர்ணமி வாரம் யாரும் வர மாட்டார்கள், ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை வழியாகக் கூவாகம் திருவிழாவுக்குப் போயிருப்பார்கள். அந்த வாரம் தேதி வைக்காதீர்கள்.

நடைவழி

பணக் கணக்கு: பன்னிரண்டு பேர், 200 வீதம் 2,400. பேச்சாளர் இருவருக்கு 800 வீதம் 1,600. தண்ணீர், நகல் 300. மீதி 500 ஆட்டோவுக்கு, யாருக்காவது மயக்கம் வந்தாலோ பாதியில் போக வேண்டி வந்தாலோ. அமைப்பாளருக்கு இதில் ஒன்றும் மிஞ்சாது, மிஞ்சணும் என்றால் கட்டணத்தை ஏற்றுங்கள், பேச்சாளர் பங்கில் கை வைக்காதீர்கள்.

ஜிபே மட்டும் வைத்தால் ஒரு கோளாறு. பணம் வந்ததும் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் திரையில் தெரியும். பெயர் மாற்றாத திருநம்பியின் பழைய பெயர் அமைப்பாளர் போனில் நிரந்தரமாக நின்றுவிடும். ரொக்கமும் வாங்குங்கள், கவரில் போட்டு.

வாட்ஸ்அப் குரூப் தொடங்கவே வேண்டாம், பன்னிரண்டு பேர் எண்ணும் பன்னிரண்டு பேருக்குப் போய்விடும். பிராட்காஸ்ட் போடுங்கள். அதில் நடக்கும் தவறு: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமிக்காதவருக்கு பிராட்காஸ்ட் போய்ச் சேராது, கூடும் இடம் தெரியாமல் விட்டுவிடுவார். பதிவு செய்யும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லி, ஒரு "சரி" வாங்கிக்கொள்ளுங்கள். "சரி" வராதவருக்குத் தனியாக அனுப்புங்கள். கூடும் இடத்தை முந்தின நாள் சாயங்காலம் மட்டும் சொல்லுங்கள்.

போட்டோவுக்குக் கையில் ரிப்பன். சிவப்பு கட்டியவர் எந்தப் படத்திலும் இருக்கக் கூடாது, முதுகும் கூட. பச்சை கட்டியவரையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எல்லோரும் பச்சையைத்தான் எடுப்பார்கள், சிவப்பை எடுக்கக் கூச்சப்படுவார்கள். அதனால் முதலில் வழிகாட்டியே சிவப்பைக் கட்டிக்கொள்ளணும்.

கோட்டைவாசல்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஆறு நிறுத்தம் இப்படி: டவுன் ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ், ஜி.எச். தாண்டிக் கோட்டைப் பக்கம், கோட்டை மைதானம், கோட்டை மாரியம்மன், மணிமுத்தாற்றுப் பாலம் தாண்டி ஈரடுக்கு பஸ் ஸ்டாண்டு. மாடர்ன் தியேட்டர்ஸ் அடுத்த மாதம் தனியாக.

ஒன்று பாக்கி. கழிப்பறை. பஸ் ஸ்டாண்டில் ஆண், பெண் என்று இரண்டு வாசல்தான்.

குமரகிரி

தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலும் முடியும் இடத்துக்குப் பக்கத்திலும் ஒரே கதவு உள்ள கழிப்பறை இருக்கிற ஓட்டல் ஒவ்வொன்று பார்த்து வையுங்கள். ஞாயிறு ஆறு மணிக்குத் திறந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள், போனில் கேட்டால் திறந்திருக்கும் என்றுதான் சொல்வார்கள். 6.10க்கு அங்கே கூடி, போகிறவர்கள் போய்விட்டு, 6.30க்கு நடக்கலாம். தண்ணீர் குடிக்காமல் வருகிற திருநம்பிகள் உண்டு, வழியில் போக இடம் இருக்காது என்று முந்தின ராத்திரியிலிருந்தே நிறுத்திவிடுவார்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முந்தின நாள் செய்தியிலேயே எழுதிவிட்டால் குடித்துவிட்டு வருவார்கள்.

கோட்டைவாசல்

நாளைக் காலை போய்ப் பார்த்துவிட்டு ஓட்டல் பெயரைச் செய்தியில் சேர்க்கிறேன்.